மணியடித்து வந்த தந்தி

அன்னம்மாள் அக்காவுக்கும், சவரிமுத்து ஐயாவை அறிந்த எல்லோருக்கும்,

பிள்ளை இப்போதுதான் கண் அசந்தான். இந்த வேளையில் உட்கார்ந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வளைவில் சைக்கிள் மணி கேட்டது. எல்லையில் இருக்கும் என் வீட்டுக்காரர் லீவில் வருகிறார் போலிருக்கிறது என்று பிள்ளையை இடுக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடினேன். புதிதாக வந்திருக்கும் தந்திச் சேவகர் உறையை நீட்டினார். குளிர் தாங்காமல் அய்யம்பாளையத்துக்கு, மகள் உங்களிடம் வந்த ஐயா காலமாகிவிட்டார் என்று உங்கள் தந்தி. சேவகர்மேல் குற்றமில்லை. அது மணியடிக்காமல் வரவேண்டிய தந்தி என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கொடைக்கானலில் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர் ஐயா. காக்கிச் சட்டையைக் கண்டதுமே, உறையைப் பிரிக்குமுன் வீட்டில் ஒப்பாரி எழுந்துவிடுமாம். பேரன் பிறந்த சேதிக்குக்கூட மாரடித்துக்கொண்டார்களாம். பொறுக்கமாட்டாமல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நல்ல சேதி என்றால் வளைவிலிருந்தே மணி. கெட்டது என்றால் சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். எது என்பதை உள்ளே தந்தி வாங்கும் குமாஸ்தா கண்ஜாடையில் சொல்லிவிடுவார்.

போஸ்ட்மாஸ்டர் துரைக்கு இது எட்டியது. சர்க்கார் தந்தியை ஊருக்கு அடித்துச் சொல்கிறாயா, வேலை போய்விடும் என்று மிரட்டி, மணியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாராம். பிறகு யுத்தம் வந்தது. துரையின் மகன்கள் இரண்டு பேரும் சண்டைக்குப் போனார்கள். ஒருநாள் துரையே மேஜையிலிருந்து மணியை எடுத்து நீட்டினாராம். பங்களாவில் துரைசானி தனியாக இருக்கிறாள், அங்கேயும் அப்படியே போ என்றாராம்.

"எப்படிப் போனீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாதிரியும் போயிருக்கேன் தாயி" என்றார்.

சீனச் சண்டையின்போது என் வீட்டுக்காரரிடமிருந்து சேதியே இல்லை. ஓய்வு பெற்று எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஐயா, தினமும் தபாலாபீசில் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு பகலில் ஏரிக்கரையிலிருந்தே மணி. சேவகரைப் பின்னால் விட்டு, அவர் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு, விடாமல் அடித்தபடி வந்தார்.

"ஏத்தா அழுவுற? மணி கேக்கலையா? ஆளு நல்லாருக்காரு. வெரசா காப்பியப் போடு, நெஞ்சு அடைக்குது" என்றார்.

புதுச் சேவகரிடம் ஐயாவின் வழக்கத்தைச் சொன்னேன். எல்லா வீட்டுக்கும் ஒரே மணிதானுங்க என்றுவிட்டார். இனி மணி கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். என் வீட்டுக்காரர் இன்னும் எல்லையில்தான் இருக்கிறார். உறையைப் பிரிக்குமுன் அழுவதில்லை என்பது மட்டும் ஐயாவிடமிருந்து எனக்கு மிச்சம். அதை விடமாட்டேன்.

அக்கா, ஐயா கடைசியில் எப்படி இருந்தார் என்று சீக்கிரம் பதில் போடுங்கள். கார்டு போதும். தந்தி மட்டும் வேண்டாம்.