போர்வைகள் காய்ந்த இணையக் கம்பி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆறு ஊர்களிலும் கண்ணாடிக்காரி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. கழுகுக் கண் அவளுக்கு. இணையம் வருகிற கம்பிக்குள்ளே இருப்பது கண்ணாடி இழை, தலைமுடி கனம்தான். அது அறுந்தால் ஒட்டுகிறவள் அவள். பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அதற்கு முன் பதினோரு வருடம் நகரத்துத் துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். விடிவதற்குள் பேருந்து ஏறினால், மகள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற விருந்தாளி என்றே அந்தக் குழந்தை அம்மாவை நினைத்திருந்தது.

ஊருக்குக் கம்பி இழுக்க ஆட்கள் வந்தபோது, ஒட்டுகிறவனின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள்.

அவன் சிரித்தான். "தையல் வேலைன்னு நெனச்சியாம்மா?"

"தையல்னா தப்பாப் போட்டாப் பிரிச்சுக்கலாம். இதுல அதுக்கும் வழியில்ல போல. எங்க கத்துக் குடுக்கறாங்க, அதச் சொல்லு."

நாற்பது நாள் பயிற்சியில் பெண்பிள்ளை இவள் ஒருத்திதான். தேர்வில் முதலில் முடித்து எழுந்தவளும் இவள்தான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலர் முனையை மயிரிழை பிசகாமல் திருப்பிய விரல்கள் அவை.

ஆறு ஊர்க் கம்பியையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மூன்று மாதம் சோதனையாக அவளிடம் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. எங்கே அறுந்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் சரியாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வேலை நகரத்து ஆட்களுக்குப் போய்விடும். அவள் பழையபடி காலர் தைக்கப் போக வேண்டியதுதான். மூன்று மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்குக் கடைசி ஊரில் இணையம் நின்றது.

கம்பிக்குள் ஒளியை அனுப்பி, அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று சொல்கிற கருவி அவளிடம் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர் என்றது. ஸ்கூட்டரில் போனாள். கூரைக்கு ஓடு மாற்றுகிற ஒருவர் வீட்டு வாசலில் நின்ற கம்பம் அது. பின்னால் எப்போதாவது உதவும் என்று அவள் தன் கையாலேயே சுருட்டித் தொங்கவிட்டிருந்த உபரிக் கம்பியைக் காணோம். இரண்டு பக்கமும் உச்சியோடு நறுக்கிவிட்டிருந்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டு அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"வாம்மா மகராசி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? காலையிலேர்ந்து நெட் இல்ல. வெளிநாட்டுல இருக்கற என் மக ரெண்டு மணிக்குக் கூப்பிடுவா. அவ மூஞ்சியப் பார்க்காம எனக்குச் சோறு இறங்காது. நீ எல்லாம் என்னத்தப் பாக்கற?"

கண்ணாடிக்காரியின் பார்வை அந்த அம்மாளைத் தாண்டி முற்றத்துக்குப் போயிருந்தது. கொய்யா மரத்திலிருந்து குளியலறை ஜன்னல்வரை கறுப்பாக, விறைப்பாக ஒரு கொடி. அதில் எட்டுப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, அந்தக் கொடி புதுசா?"

"இன்னைக்குத்தான் கட்டினார் எங்க வீட்டுக்காரர். கம்பத்துல சும்மா தொங்கிட்டுக் கிடந்துச்சு, மிச்சம்னு விட்டுட்டுப் போயிட்டீங்க. சும்மா சொல்லக் கூடாது, நல்ல உறுதி. எட்டுப் போர்வை போட்டேன், தொய்யவே இல்ல பாரு."

"உங்க மக மூஞ்சி மேலதான் போர்வையப் போட்டு மூடியிருக்கீங்க."

புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏணியைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா! கத்திய எடுத்தா எதை வெட்டறோம்னு பார்க்க மாட்டீங்களா?" என்றாள். "நீதானடி கொடி கொடின்னு ஒரு மாசமா உசுர எடுத்த," என்றார் அவர்.

கண்ணாடிக்காரி மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். சென்ற வாரம் மரம் விழுந்ததில் கைவசம் இருந்த கம்பி தீர்ந்திருந்தது. நகரத்திலிருந்து வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள்.

"மூணு மணி நேரம். நடக்காத காரியம்," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, பேசாம திருட்டுன்னு எழுதிடு. திருட்டுன்னா நேரக் கணக்கு கிடையாது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"எழுதினா இவங்களுக்கு?"

"கேஸ் போடுவாங்க. வெட்டினது அவங்கதானே?"

"வெட்டினது அவங்க. அது எதுக்குத் தொங்குதுன்னு சொல்லாம மாட்டிட்டுப் போனது நான். திருட்டுன்னு எழுத மாட்டேன் சார்."

"அப்ப ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும். மணி இப்ப பதினொண்ணு."

"முடிப்பேன்," என்று வைத்துவிட்டாள்.

கம்பத்தில் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டால் இரண்டு முனையும் தரைக்கு வரும். ஆனால் ஒன்றையொன்று தொடாது. நடுவே ஒரு துண்டு வேண்டும். ஊரிலேயே அந்தத் துண்டு ஓரிடத்தில்தான் இருந்தது.

"அக்கா, துணியை எடுங்க."

"இன்னும் ஈரமா இருக்கேம்மா!"

"எடுங்கன்னா எடுங்க!"

கொடியின் ஒரு முனையைச் சீவி, பேனா மாதிரி இருந்த விளக்கை வைத்துச் சிவப்பு ஒளியை உள்ளே விட்டாள். கம்பிக்குள் இருந்த ஆறு இழையும் மறுமுனையில் இருட்டு. அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. கண்ணாடிக்காரி மட்டும் மரத்தில் கொடியைக் கட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே வீட்டுக்காரர் போட்டிருந்தது சாதாரண முடிச்சா? யானையைக் கட்டலாம். கண்ணாடி அந்த இடத்தில்தான் நொறுங்கியிருக்க வேண்டும். முடிச்சுக்கு இப்பால் ஒரு முழம் தள்ளி வெட்டிவிட்டு மறுபடி ஒளியை விட்டாள். பட்டப்பகலில் ஆறு சிவப்புப் புள்ளிகள் மின்னின.

"அண்ணே, ஏணியத் தூக்குங்க," என்றாள்.

அவிழ்த்து இறக்கியாயிற்று. ஆனால் தெருவில் புழுதி, காற்று வேறு. ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஒட்டு பிடிக்காது. சுற்றிப் பார்த்தாள். ஈரப் போர்வைகளைத் தோளில் போட்டபடி அந்த அம்மாள் நின்றாள். நான்கு குச்சி நட்டு நான்கு பக்கமும் போர்வை கட்டினார்கள். ஈரத் துணியில் புழுதி அடங்கிப்போனது. உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், இழையை ஸ்பிரிட்டில் துடைத்தாள், நேராக நறுக்கினாள், ஒட்டுகிற மெஷினில் வைத்தாள். ஒரு சின்னப் பொறி. இரண்டு இழை ஒன்றானது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, மொத்தம் பன்னிரண்டு ஒட்டு.

"எத்தனை ஆச்சு?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, பேசினா மூச்சுக் காத்து வருது."

"நான் பேசல, இவர்தான்."

"நான் எங்கடி பேசினேன்?"

ஒன்பதாவது ஒட்டு சரியாக விழவில்லை. ஒளி இழப்பு அதிகம் என்று மெஷின் காட்டியது. அப்படியே விட்டாலும் இணையம் வரும், கண்டுபிடிக்கவும் யாருமில்லை. அவள் நறுக்கி எறிந்துவிட்டு மறுபடி வைத்தாள். ஆலையில் கோணல் காலரை அவள் ஒருநாளும் அடுத்த மேஜைக்குத் தள்ளியதில்லை.

ஒன்று நாற்பத்தொன்பதுக்குப் பன்னிரண்டாவதும் முடிந்தது. வீட்டுக்குள் எங்கோ போன் கிணுகிணுவென்று, காலையிலிருந்து வராத செய்திகளையெல்லாம் கொட்டியது. அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஒட்டுகளைப் பெட்டியில் வைத்து மூடிக் கம்பத்தில் ஏற்றிய பிறகு, கண்ணாடிக்காரி போனில் பழுதுப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் திருட்டு, மரம், வண்டி, விலங்கு என்று நான்கு கட்டம்; கடைசியில் மற்றவை. மற்றவையைத் தொட்டு, 'உபரிக் கம்பி எதற்கென்று வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டேன்' என்று எழுதி அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. "என்னம்மா இது? தப்பு உன் மேல வருதே!"

"வரட்டும் சார். ரெண்டு மணிக்குப் பதினோரு நிமிஷம் இருக்கறப்பவே முடிச்சேனா இல்லையா?"

"முடிச்சே," என்றார் மேற்பார்வையாளர். "திங்கக்கிழமை வந்து நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"திங்கக்கிழமை மதியந்தான் வர முடியும் சார். காலையில உபரிக் கம்பி தொங்கற இன்னும் நாற்பது கம்பத்துக்குப் போகணும், வீடு வீடாச் சொல்லணும்."

வாசலில் அந்த அம்மாள், மகள் முகம் தெரிந்த போனைக் கம்பத்தை நோக்கித் திருப்பிப் பிடித்து, "இந்தாடி, இதுக்குள்ளதான் நீ வர்ற! உங்கப்பா உன்னத்தான் வெட்டிட்டாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.