குளோரமைன் கலந்த தண்ணீர்

போர்ட் பிளேரில் ஒரு சின்ன டயாலிசிஸ் மையத்தில் நான் டெக்னீஷியன். மழைக்காலம் வந்தால் எனக்குத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. அணையில் செம்மண்ணும் அழுகிய இலையும் சேரும். கிருமி சாகக் குளோரினைக் கூட்டிப் போடுவார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அழுகலோடு குளோரின் சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். குடிப்பவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. டயாலிசிஸில் மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் தண்ணீர். குளோரமைன் சவ்வைக் கடந்து போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைத் தடுக்க எங்களிடம் இருப்பது கரி நிரப்பிய ஒரு தொட்டி.

அன்று காலை, அந்தத் தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீரில் சோதனைப் பட்டையை நனைத்தேன். வெள்ளையாகவே இருக்க வேண்டியது ஊதாவானது. இன்னொன்றை நனைத்தேன். அதுவும் ஊதா. கரி செத்துவிட்டது; குளோரமைன் தொட்டியைத் தாண்டி வருகிறது.

அந்த நேரம் பார்த்து எங்கள் நோயாளி ஒருவர் வந்தார். தெற்கே கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பேக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். சிகிச்சைக்காக மனைவியோடு இங்கே லம்பா லைனில் வாடகைக்கு இருந்தார். மகளின் வளைகாப்புக்கு ஊருக்குப் போனவர், கடல் மோசமாகிக் கப்பல் தாமதமானதில் ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இறங்கி நேரே வந்திருந்தார். உடம்பில் நீர் கோத்து முகம் வீங்கியிருந்தது, மூச்சு இரைத்தது.

"ஜல்தி போடும்மா. படுக்கவே முடியல."

"இப்ப முடியாது அங்கிள். தண்ணி சரியில்ல."

"நாங்க குடிக்கிற பானிதானே?"

"குடிக்கலாம். ரத்தத்துல சேரக் கூடாது."

கூட வந்திருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்தார். "உங்கப்பாவா இருந்தா இப்படி உக்கார வைப்பியா?"

"அப்பாவா இருந்தாலும் போட மாட்டேன் ஆன்ட்டி." மெஷினைத் தொடவில்லை.

எங்கள் டாக்டர் வந்து பட்டையைப் பார்த்தார். நோயாளிக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அங்கே இரவுக்கு முன் மெஷின் காலியில்லை.

"கரி மாத்த முடியுமா?"

"மாத்திடறேன் டாக்டர்."

ஸ்டோரில் புதுக் கரி மூட்டைகள் இருந்தன. நானும் எங்கள் பெங்காலி பிளம்பரும் பழைய கரியை அள்ளி வெளியே கொட்டினோம். யாரும் கூப்பிடாமலே அந்த அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு பக்கெட் தூக்க வந்தார். புதுக் கரியை நிரப்பித் தண்ணீர் விட்டால் கறுப்பாகவே வந்தது. அலசிக்கொண்டே இருந்தோம். நடுநடுவே உள்ளே ஓடிப்போய் அவர் கணவரின் மூச்சைப் பார்த்தேன். நான் கரி அள்ளும் நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

தண்ணீர் தெளிந்த பிறகும் பட்டை லேசாக ஊதா காட்டியது.

"அப் டீக் ஹே, தீதி," இனிப் போதும் என்பதுபோல் சொன்னார் பிளம்பர்.

"இல்ல. இன்னும் அலசுவோம்."

மதியத்துக்குப் பிறகுதான் பட்டை வெள்ளையாகவே நின்றது. மறுபடி நனைத்துப் பார்த்துவிட்டு, அவர் கையில் ஊசி குத்தி மெஷினை ஓட்டினேன்.

சாயங்காலம் அவர் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். வெளியே குழாயடியில் நானும் அவர் மனைவியும் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

"காலைல பேசுனத மனசுல வெச்சுக்காதம்மா."

"வெச்சுக்கல ஆன்ட்டி. ஆனா நாளைக்கே பட்டை மறுபடி ஊதாவானாலும் நிறுத்தத்தான் செய்வேன்."

அவர் என் விரலிடுக்கில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்துவிட்டார். பிறகு, "நிறுத்தத்தான் செய்யணும்," என்றார்.