பட்டியலுக்கு முன் தைத்த பனியன்

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்திய கந்தப்பன், பத்து வருடம் பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தவர். சட்டசபைக்குள் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்பது அவருடைய தீராத ஏக்கம். 2006 தேர்தலில் சீட்டு தனக்குத்தான் என்று நம்பி, கட்சிப் பட்டியல் வருவதற்குள் தன் பெயரை அச்சடித்து இரண்டாயிரம் பனியன் தைத்துவிட்டார். பட்டியலில் வேறொருவர் பெயர் வந்தது.

"ஆர்டர் வராம ஒரு பீஸ் வெட்டமாட்டீங்க. இதுக்கு மட்டும் என்னங்க அவசரம்?" என்றாள் மனைவி குழந்தையம்மாள்.

"சாம்பிள் ஓகே ஆயிருச்சுன்னு நெனச்சுட்டேன் அம்மிணி."

பனியன்களை மிஷின் துடைக்கக் கிழிக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் எடுத்துவைத்தார். ஓட்டுப்போடும் நாளில் அதை மாட்டி, மேலே வெள்ளைச் சட்டை போட்டார்.

"மே மாச வெயிலுங்க. வேர்த்தா பேரு வெளிய தெரியுமுங்க."

கந்தப்பன் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார்.