ஈரத்தில் வேலை செய்யாத கரி

மூன்று துறை சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி என்றால் இப்போது எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது. கருத்தரங்கில் அதுதான் பேச்சு, நேர்காணலில் அதுதான் முதல் கேள்வி. நானும் அப்படி ஒன்றில் இருந்தவள்தான். பாலக்காட்டில் ஒரு கல்லூரி ஆய்வகம். என் வழிகாட்டி பொருளறிவியல்காரர், துணியும் கரியும் அவர் பொறுப்பு. சுற்றுச்சூழல் பொறியியலில் இருந்து ஒரு பேராசிரியை, தோட்டத்து ஓடைத் தண்ணீரில் மருந்து கலக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இரத்தம் பார்க்க ஒரு டாக்டர். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். அப்படி உட்கார்ந்தாலும் ஒருவர் பேசும்போது மற்ற இரண்டு பேரும் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

வேலை இதுதான். ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு ஒரு மாஸ்க் செய்ய வேண்டும். ஏலச்செடியில் கவாத்து எடுத்து வீசுகிற பழைய தண்டு, தட்டை என்பார்கள், அதைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குவோம். அந்தக் கரியை இரண்டு துணிக்கு நடுவில் வைத்துத் தைத்தால் மருந்தின் ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக் குப்பையே தோட்டத்து ஆளைக் காப்பாற்றும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தார் என் வழிகாட்டி. முதலில் படித்தபோது எனக்கே புல்லரித்தது.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு என் மதிப்பெண் காரணமில்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது சாந்தன்பாறையில். அத்தான் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். மலையில் தமிழில் பேசி ஆள் சேர்க்க, தங்க இடம் கேட்காத ஒருத்தி வேண்டும், அதற்கு நான் தோதாக இருந்தேன். நாங்கள் பிறந்து வளர்ந்தது மூணாறு. அப்பாவுக்குத் தேயிலைப் பாக்டரியில் வேலை. மருந்தடிக்கிற வேலை எங்கள் குடும்பத்துக்குள் வந்ததே அக்கா கல்யாணத்தோடுதான்.

பாலக்காட்டில் இருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு ஏறி, அங்கிருந்து பூப்பாறை இறங்கி சாந்தன்பாறை போவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். மடியில் மாஸ்க் பெட்டியை வைத்துக்கொண்டு அப்படித்தான் போனேன். அத்தானோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஆய்வில் சேர்ந்தார்கள். அத்தானைச் சேர்க்க முடியவில்லை. ஆய்வு நடத்துகிறவரின் சொந்தக்காரர் சேரக் கூடாது என்று விதி. டாக்டர் அதில் ரொம்பக் கறார்.

அத்தானுக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

“ஊருக்கெல்லாம் குடுக்கிற. சொந்த அத்தானுக்கு இல்லையா?”

“உங்க ரத்தத்தைப் பாக்க முடியாது அத்தான். அதுதான் விஷயம்.”

“ரத்தம் உங்க டாக்டருக்கு எதுக்கு? எனக்கு மாஸ்க் குடு, போதும்.”

கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பேன்? அவர் மூச்சுதானே எனக்கு முக்கியம். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மாஸ்க் போட்டு நிற்க, அவர் மட்டும் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது. டாக்டரும் மிஞ்சிய மாஸ்க்கை யாருக்குக் கொடுத்தாலும் சரி, அத்தான் பெயர் ஆய்வில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதில் இருந்து அத்தானுக்கு ஒரே பெருமை. டீக்கடையில் போய் எங்க கொழுந்தியா செஞ்சது, காலேஜ் மாஸ்க்கு என்று காட்டுவாராம். அதோடு நின்றிருந்தால் நல்லது. முன்பெல்லாம் அவர் மருந்தடிக்கிற வேலையில் பயந்து பயந்துதான் நிற்பார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து மாறி நிற்பார், தலை கிறுகிறுத்தால் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். மாஸ்க் வந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. மற்றவர்களுக்கு முடியாத நாளில் அவர்கள் முறையையும் தானே எடுத்துக்கொண்டார். கடும் மருந்து கலக்குகிற வேலைக்கும் முன்னால் போய் நின்றார். இதையெல்லாம் அக்கா போனில் சொல்லும்போது, பார்த்து நிற்கச் சொல்லுக்கா என்பேன். இருந்தாலும் மாஸ்க் வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலை செய்யவில்லை. போட்டுப் பழசான மாஸ்க்குகள் பாலக்காட்டுக்குத் திரும்பி வந்தன. பிரித்துச் சோதித்தால் கரி எதையுமே பிடித்திருக்கவில்லை. ஆய்வகத்தில் அதே கரி மருந்து ஆவியை உறிஞ்சித் தள்ளியது, மலைக்குப் போய் வந்தால் சும்மா கிடந்தது. வழிகாட்டி அடுப்பைக் குறை சொன்னார். சூடு பத்தவில்லை, இன்னும் ஏற்றிச் சுடு என்றார். ஏற்றிச் சுட்டேன். தட்டையைச் சரியாகக் காயவைக்கவில்லை என்றார். காயவைத்தேன். என் நகக்கண்ணில் இருந்து கரி போகவே போகாது. நான் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கொல்லங்கோட்டில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீட்டு அம்மா ஒருநாள், “ஏனுங்க, காலேஜில அடுப்பாங்கரையில வேலை பாக்கறீங்களா?” என்று கேட்டார். சிரிக்க முடியாமல் மேலே ஏறிப் போனேன்.

மறுபடி மாஸ்க் போனது, மறுபடி சும்மா திரும்பி வந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒருநாள் காலையில் கூப்பிட்டாள்.

“ஏடி, அவருக்குக் கை நடுங்குதுடி. சாயா கிளாஸப் புடிக்க முடியல. சட்டையெல்லாம் வேர்த்து ஊத்துது, இந்தக் குளிர்ல.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா.”

“வர மாட்டேங்காரு. மாஸ்க் போட்டிருக்கேன், எனக்கு மருந்து ஏறாதுங்காரு. நீ ஒண்ணு செய்யி. உங்க ஆளுக ரத்தம் எடுக்க வர்றாங்கல்ல, அவருக்கும் சேத்து எடுக்கச் சொல்லு. அதுல தெரியுமாமே.”

தெரியும். இந்த மருந்துகள் உடம்பில் ஏறினால் இரத்தத்தில் ஒரு நொதியின் வேலை குறையும். அதைப் பார்க்கத்தான் எங்கள் ஆய்வே. மலையில் பக்கத்தில் எங்கேயும் அந்தப் பரிசோதனை கிடையாது, எங்கள் டாக்டரின் கருவியில் உண்டு. நான் போய்க் கேட்டேன். அவர் மோசமான மனிதர் இல்லை, பொறுமையாகத்தான் விளக்கினார். ஆய்வில் இல்லாதவரின் இரத்தத்தை ஆய்வுக் கருவியில் போட முடியாது. போட்டால் அனுமதி கொடுத்த குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அறிகுறி இருந்தால் நல்ல மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் என்றார். எல்லாம் சரி. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்தடிக்கிறவனுக்காக ஆராய்ச்சி, அந்த மருந்தடிக்கிறவன் கை நடுங்கினால் மட்டும் பார்க்க முடியாது.

அடுத்த பேருந்திலேயே மலையேறினேன். அத்தானை மல்லுக்கட்டியாவது கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. வீடு சேர்ந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். நேராகத் தோட்டத்துக்கு நடந்தேன். பெரிய டிரம் பக்கத்தில் மோட்டார் தயாராக இருந்தது, ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒரு வாளியில் தண்ணீர். ஒவ்வொருவராக வந்தார்கள். மாஸ்க்கை வாளியில் முக்கினார்கள், லேசாகப் பிழிந்தார்கள், சொட்டச் சொட்ட மூஞ்சியில் கட்டிக்கொண்டார்கள். அத்தானும் முக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கட்டிக்கொண்டார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஈரமான கரி ஆவியைப் பிடிக்காது. கரியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு, மருந்து போய் உட்கார வேண்டிய இடம் அவைதான். தண்ணீர் முதலில் போய் உட்கார்ந்துகொண்டால் மருந்துக்கு இடமில்லை, நேராக மூக்குக்குள் போய்விடும். இத்தனை மாதம் நான் அடுப்பில் வெந்து சாம்பலானது இந்த வாளிக்காகவா?

யாரையும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் மருந்தடிக்கிறவர்கள் துண்டை நனைத்துத்தான் மூக்கில் கட்டுவார்கள். காய்ந்த துண்டு கட்டுகிறவன் புதுசு, விவரம் தெரியாதவன் என்று அர்த்தம். ஈரம் மருந்தைத் தடுக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெளிக்கிற துளியைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும், பொய்யில்லை. அந்தப் பழக்கத்தில் மாஸ்க்கையும் நனைத்தார்கள். நல்ல மாஸ்க் என்று இன்னும் நன்றாகவே நனைத்தார்கள். நனைக்கக் கூடாது என்று எங்கள் விளக்கத்தாளில் ஒரு வரி கிடையாது. மூக்கில் கட்டுகிறதை வாளியில் முக்குவார்கள் என்று ஆய்வகத்தில் யாருக்குத் தோன்றும்?

அன்றைக்கு அத்தான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் கெஞ்சினேன், அக்கா திட்டினாள். எதற்கும் மசியவில்லை. மாஸ்க் பற்றி நான் வாயைத் திறக்கவும் கூடாது, அத்தானிடம் சொன்னால்கூட அவர் மூலம் எல்லோருக்கும் போய்விடும். ஆய்வு நடக்கும்போது ஆட்களின் பழக்கத்தில் நாங்கள் தலையிட்டால் முடிவு கெட்டுவிடும், எதுவாக இருந்தாலும் முதலில் பாலக்காட்டில் அந்த மூன்று பேரிடமும் சொல்ல வேண்டும். போனில் முயன்றேன். மூன்று பேரில் ஒருவரும் எடுக்கவில்லை.

பாலக்காட்டுக்கு வந்து கூட்டம் கூட்ட வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். என் வழிகாட்டிக்கு முகம் மலர்ந்தது. அப்படியானால் கரியில் குறையில்லை என்றார். அவர் கவலை தீர்ந்தது. டாக்டர், நனைத்துப் போட்டவர்களின் இரத்த முடிவைத் தனியாக ஒதுக்கிவிடலாம், விதிமுறை பின்பற்றாதவர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். தண்ணீர்ப் பேராசிரியை, மாஸ்க்கைப் பிழிந்த தண்ணீர் ஓடையில் கலக்குமே, அது எங்கள் மாதிரியைப் பாதிக்குமா என்று கேட்டார். மூன்று பேரும் தங்கள் தங்கள் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

“அந்த ஆட்களிடம் இப்போதே சொல்ல வேண்டாமா?” என்று கேட்டேன்.

சொல்லலாம், ஆனால் எந்த வாசகத்தில் சொல்வது என்று மூன்று துறையும் பேசி முடிவெடுத்து, அனுமதிக் குழுவுக்கு அனுப்பி, அப்புறம் சொல்லலாம் என்றார்கள். தேநீர் வந்தது. நான் குடிக்காமல் எழுந்தேன். என் பின்னால் யாரோ, வயசுக்கோளாறு, ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறாள் என்று மலையாளத்தில் சொன்னது கேட்டது. ஆமாம், உணர்ச்சிவசப்பட்டேன்தான்.

யாரையும் கேட்கவில்லை. மறுபடி சாந்தன்பாறை. ஆய்வில் இருக்கிற மற்றவர்களிடம் நான் பேசினால் ஆய்வே போய்விடும். அத்தான் ஆய்வில் இல்லை, அவரிடம் பேச யார் அனுமதியும் வேண்டாம், அவர் மூலம் பரவினால் பரவட்டும். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் எதிரில் உட்கார்ந்தேன். கரி, ஓட்டை, தண்ணீர் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். அவர் நடுங்குகிற கையை மறைக்கத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப காய்ஞ்சது போட்டா மருந்து ஏறாது.”

“ஓரளவு ஏறாது அத்தான். நனைச்சா சுத்தமா பிரயோஜனம் இல்ல.”

“காய்ஞ்சதைக் கட்டிட்டு மேட்டுல ஹோஸ இழுக்க முடியாது பாப்பா. மூச்சு முட்டும். நீ கட்டிப் பாத்திருக்கியா?”

ஆய்வகத்தில் ஏ.சி.யில் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

“அப்ப இத்தன நாளும் ஈரத்தக் கட்டிட்டு நான் மூச்சு வாங்குனது பூரா மருந்துதானா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். இந்த வேலையை விட்டுவிடுங்கள், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பாப்போம் என்று எழுந்து போனார். பயந்துவிட்டார், இனி வேலைக்குப் போக மாட்டார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

காலையில் ஜீப் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். வெளியே ஓடினால் அத்தான் ஜீப்பின் பின்னால் ஏறி நின்றுகொண்டிருந்தார். மூஞ்சியில் மாஸ்க் இல்லை. கழுத்தில் துண்டும் இல்லை. நான் கூப்பிட்டேன். வண்டி வளைவு திரும்பிவிட்டது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். கையில் அவருடைய துண்டு, குழாயில் நனைத்துப் பிழிந்து மடித்தது. அவர் வாங்காமல் போயிருக்கிறார்.

“ஈரத்துக்குப் பிரயோஜனம் இல்லையாம், எதுக்கு இதுன்னு கேட்டாருடி” என்றாள். “மாஸ்க் வர்றதுக்கு முந்தி இதையாவது கட்டிட்டுப் போவாரு. காத்துப் பாத்து நிப்பாரு. நீ மாஸ்க்கக் குடுத்து அந்தப் பயத்த எடுத்த. இப்ப வந்து துண்டையும் எடுத்துட்ட.”

அவள் கையில் இருந்து துண்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், தோட்டத்துப் பாதையில் ஏற ஆரம்பித்தேன். மேலே மோட்டார் ஓடத் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.