ஆளில்லாத ஊரில் பெய்த மழை

அந்தோணி போன் செய்தபோது நான் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போவதற்காகக் காத்து நின்றிருந்தேன். வண்டிச் சத்தத்தில் அவன் சொன்னது காதில் விழவில்லை. கடைசிப் பெட்டி கடந்த பிறகு மறுபடியும் சொன்னான். "யக்கா, மெஹரக்கா பூட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி." கேட் திறந்துவிட்டது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

மெஹருன்னிசாவை இதை வாசிக்கும் பலர் அறிவீர்கள். ராயபுரத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடையின் மாடியில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. ஒரு கருவிக்காகச் செய்த வீடியோ கேமை இன்னொரு கருவிக்கு மாற்றிக் கொடுப்போம். அங்கே மெஹர் தலைமை புரோகிராமர். அந்தோணி படம் வரைபவன். எழுத்துகள் திரையில் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

அன்று அந்தோணியும் நானும் வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனபோது, மெஹரின் தம்பி எங்களை உறவினர்களிடம் அறிமுகப்படுத்தினார். "அக்காவோட ஆபீஸ் ஆளுங்க. அந்த மேகம் கேமு இவங்கதான் செஞ்சாங்க" என்று பெருமையாகச் சொன்னார். அந்தோணி தரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த கேமின் பெயரைக் கேட்டால் எங்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான் ஆகிறது. ஏன் என்று சொல்லாமல் மெஹரைப் பற்றி என்னால் எதுவும் எழுத முடியாது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் தனியாளாகச் செய்த கேம் அது. தமிழில் 'கோபக்கார மேகம்' என்று வைத்துக்கொள்ளலாம். ஆடுகிறவர்தான் மேகம். ஒரு சின்ன ஊரின் மேல் மிதந்துபோய், மழை கேட்டவரின் தலையில் மட்டும் பெய்ய வேண்டும். ஆனால் தெரு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். முடிவெட்டுகிறவர் பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு ஓடுவார். கல்யாணப்பெண் செருப்பைக் கழற்றி மேகத்தின் மேல் வீசுவாள். பாதிரியார் ஒருவர் மழை நின்ற பிறகுதான் குடையை விரிப்பார். பெரிய டிவியில் கன்சோலில் ஆடுவதற்காகச் செய்த இந்த கேமை, கையில் பிடித்து ஆடும் சின்னக் கருவிக்கு ஏற்றபடி மாற்றித் தருவதாக எங்கள் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது.

வேலை தொடங்கிய நாட்கள் நன்றாகவே போயின. ஏசி அறையில் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று மெஹர் என்னை எண்ணூர் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலோர வெயிலில் கருவியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, அந்தப் பொண்ணு இன்னாத்துக்குச் செருப்பைக் கழட்டுறா என்று கேட்டார். மேகம் அவள் பட்டுப்புடவையை நனைத்துவிட்டது என்று மெஹர் விளக்கினார். அது புடவைகூட இல்லை, வெள்ளைக் கவுன். அந்த அம்மா திருவொற்றியூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மெஹர் என்னிடம் சொன்னார்: "இது போதும்மே. இவங்களுக்கு சிரிப்பு வருதுன்னா நம்ம வேல பாதி முடிஞ்சிச்சி."

மீதிப் பாதிதான் முடியவில்லை. சின்னக் கருவியால் அவ்வளவு ஆட்களைத் தாங்க முடியவில்லை. மேகம் நகர்ந்தால் படம் திக்கித் திக்கி ஓடியது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மெஹர் தெருவிலிருந்து ஆட்களை எடுக்க ஆரம்பித்தார். முதலில் மூலையில் இருந்தவர்கள் போனார்கள். பிறகு முடிவெட்டுகிறவர், பாதிரியார், கல்யாணப்பெண். கடைசியில் மழை கேட்கிறவர் மட்டும் மிஞ்சினார். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாங்கள் கைதட்டினோம். முதலாளி பிரியாணி வாங்கித் தந்தார். கல்யாணப்பெண் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னத் திரைக்காக அவளை மறுபடியும் வரைந்த அந்தோணியும் கேட்கவில்லை.

கேம் வெளியானதும் சிரித்தார்கள். அதை ஆடிச் சிரிக்கவில்லை, எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆளில்லாத தெருவில் ஒரு மேகம் தனியாகப் போய்ப் பெய்துகொண்டிருப்பதைப் படம்பிடித்துச் சோகப் பாட்டு சேர்த்து இணையத்தில் போட்டார்கள். இந்த மேகத்துக்கு யார் செத்துப்போனது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் பல பேர் பகிர்ந்தார்கள். கேமைச் செய்தவரிடமிருந்து சின்ன மின்னஞ்சல் ஒன்று வந்தது. அந்த ஊர் அவர் பிறந்த தெரு, அதில் வருகிறவர்கள் எல்லாரும் அவர் சிறுவயதில் பார்த்தவர்கள் என்று சொல்லிவிட்டு, என் ஆட்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்.

கருவியின் மேல் பழியைப் போட்டு முதலாளி பதில் தயாரித்தார். கேமைச் செய்தவரோடு வீடியோவில் பேசுவது என்று முடிவானபோது மெஹரும் உட்கார்ந்தார். முதலாளி பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஆட்களை எடுத்தது நான்தான், வேறு வழி இருந்திருக்கலாம், நான் தேடவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் நன்றி சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். முதலாளி மெஹரைத் திட்டியது கீழே கடைக்கே கேட்டிருக்கும்.

அன்று மாலை படிக்கட்டில் மெஹரைப் பிடித்தேன். நாங்கள் எல்லாரும்தானே கைதட்டினோம், ஏன் தனியாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"கைதட்டுனது நீங்க. எடுத்தது நானு. ரெண்டும் ஒண்ணு இல்லமே."

"வெக்கமா இல்லயா?"

"வெக்கமாத்தான் கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும். வெக்கம் போனப்புறம் பேசலாம்னு இருந்தா எப்பவும் பேச முடியாது."

அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. முதலில் வேலை போனவர்களில் அந்தோணியும் ஒருவன். நாங்கள் அவனுக்குப் போன் செய்யவே கூசினோம். மெஹர், வேலை போனவர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போனார். எண்ணூர்க் கடலோரம் அந்தோணி இருந்த நெட்டுக்குப்பத்துக்கு என்னையும் வரச்சொன்னார். அந்தோணியின் மனைவி ரோஸி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக் கயிற்றில் காய்ந்த துணிகளின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. மெஹர் நின்றபடியே, தன்னால்தான் அந்தோணிக்கு வேலை போயிற்று என்று சொன்னார். ரோஸி திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி என்னதான் செய்தீர்கள், காட்டுங்கள் என்றாள். அந்தோணி உள்ளே போய்க் கருவியை எடுத்து வந்து, ஆட்கள் நிறைந்த பழைய ஊரையும், ஆட்களை எடுத்த எங்கள் ஊரையும் காட்டினான். ரோஸி ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"எங்க ஊர்லயும் இதானக்கா நடக்குது. கரண்ட் கம்பெனிக்கு எடம் பத்தலன்னா மொதல்ல ஆளத்தான் எடுக்கறாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். மெஹர் தலையை நிமிர்த்தவில்லை. வந்த டீயைக் கீழே பார்த்தபடியே குடித்தார். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லையம்மன் கோயில் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறினார்கள். நான் நகர்ந்து அவரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைத் தவிர அன்றைக்கு எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எடுத்த ஆட்களைத் தெருவில் திரும்பச் சேர்ப்பதற்காக, மெஹர் அந்தோணியைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். யாரும் கேட்காத வேலை அது, சம்பளமும் கிடையாது. கேமைச் செய்தவருக்கு எழுதி, அனுமதி மட்டும் வாங்கியிருந்தார். பல ஞாயிறுகள் இருவரும் உட்கார்ந்தார்கள். மெஹர் கண்டுபிடித்த வழி எனக்கே புரிகிற அளவுக்கு எளிதானது. "மேகத்தாண்ட இருக்கறவன் மட்டும் முழிச்சிகினு இருந்தா போதும். மத்தவன் தூங்கட்டும். ஆனா ஊர்லயே இருக்கணும். மேகம் கிட்ட வந்தா எழுந்துக்கணும்." அப்படி ஒவ்வொருவராகத் தெருவுக்குத் திரும்பி வந்தார்கள். படம் திக்கவில்லை. கெடுவுக்கு முன்பே இது தோன்றாமல் போனதுதான் அவரைக் கடைசிவரை உறுத்தியது.

திருத்திய கேமை அதன் சொந்தக்காரர் வெளியிட்டார். அதற்குள் ஆடுகிறவர்கள் வேறு கேமுக்குப் போய்விட்டிருந்தார்கள். கேலிப் படங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. கம்பெனியும் மூடப்பட்டது. பாதிரியார் சரியாகத் தாமதமாகக் குடை விரிக்கிறார் என்று அந்த மனிதர் எழுதிய ஒரு வரி மட்டும் வந்தது. மெஹர் அதை அப்படியே எங்களுக்கு அனுப்பினார்.

ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பெண்களோடு நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனியில் இருந்த இன்னொரு பெண் மெதுவாக ஒன்று சொன்னாள். கம்பெனி மூடியதும் வேலை தேடிய நாங்கள் எல்லாரும், வேலைக்கு அனுப்பும் எங்கள் விவரக் குறிப்பிலிருந்து அந்த கேமின் பெயரை எடுத்துவிட்டோம். அந்த வருடங்களில் வேறு ஏதோ செய்ததுபோல எழுதிக்கொண்டோம். மெஹர் மட்டும் அதை முதல் வரியிலேயே வைத்திருந்தாராம். நேர்முகத்தில் கேட்டவர்களிடம், முதலில் கெடுத்தது, பிறகு திருத்தியது இரண்டையும் சொல்வாராம். இரண்டு இடங்களில் அதனாலேயே வேலை கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் சேர்ந்து, சாகும்வரை அங்கேதான் இருந்தார். இது எனக்கு அதுவரை தெரியாது.

மெஹரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த முதல் வரிதான். வீட்டுக்கு வந்து என் விவரக் குறிப்பைத் திறந்து, 'கோபக்கார மேகம்' என்று சேர்த்தேன். முதல் வரியில் வைக்க இன்னும் தைரியம் வரவில்லை. இப்போதைக்குக் கடைசி வரியில் இருக்கிறது.