தயிர் சாதப் பையில் செருப்பு

கல்லாற்றுக்கு மேலே ஒரு சின்ன மலைக்குளம் இருக்கிறது, குழந்தைகள்கூட நடந்து போய்விடலாம் என்று கேள்விப்பட்டதும் மனைவியைக் கிளப்பிவிட்டேன். உண்மையில் குளம் ஒரு சாக்கு. என் கவலையெல்லாம் அவளுடைய செருப்பைப் பற்றித்தான்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் கூடத்தில் வழுக்கினாள். விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் ஓரடி வைப்பதில்லை. வெறுங்காலோடு நடக்கலாம் என்று டாக்டரே சொல்லியும் கேட்கவில்லை. கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் வீட்டுக்குள் செருப்போடு நடப்பது லேசான காரியமா? பூஜை அறைக்குள் போவதை நிறுத்தினாள். தினமும் போய்வந்த கோவிலையும் நிறுத்தினாள். மொட்டை மாடியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வருவாள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். கத்தி என்ன பிரயோஜனம்? வெளியே நாலு இடம் நடந்தால் பயம் தெளியும் என்றுதான் மலைக்குக் கூட்டிப் போனேன்.

"எளுப்பமான வழிதான் சாரே, இப்ப எத்திரலாம்," என்றார் கல்லாற்று டீக்கடைக்காரர். சுலபமான வழி, இதோ போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார். இந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரத்துக்கும் இதே பதில்தான். ஆனால் அன்று அவர் சொன்னது நிஜம். ஏற்றமே தெரியாத மண்பாதை, இரண்டு பக்கமும் மரநிழல். மழை விட்டு நாளாகியிருந்ததால் அட்டையும் இல்லை.

பாதி வழியில், ஒரு மரத்தடியில், குங்குமம் அப்பிய கல் ஒன்று. யாரோ சிறு விளக்கும் வைத்திருந்தார்கள். ஏதோ கல்யாணக் கதை பேசிக்கொண்டே வந்தவள் நின்றாள், செருப்பை உதறினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தபடி நடந்தாள். செருப்பு கல்லுக்கு முன்னாலேயே கிடந்தது. அக்ரகாரத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த கால்கள். சாமியைக் கண்டால் யாரையும் கேட்காமல் கழற்றிவிடும்.

கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். செருப்பை எடுத்து, கையில் இருந்த ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். வேர், சரளை, ஊற்று கசியும் பாறை எல்லாவற்றையும் அவள் பாதம் பதமாகத் தாண்டிப் போயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் நடையை நான் இப்படி ரசித்ததில்லை. பாறைக்குப் பாறை எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

குளம் எங்கள் கோவில் குளத்தின் ஒரு மூலை அளவுதான். ஆனால் என்ன தண்ணீர்! அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரிந்தது. மலைச்சரிவு முழுசாக அதற்குள் இறங்கியிருந்தது.

"என்ன அழகு, கேட்டேளா!" என்று புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். மீன்குஞ்சுகள் வந்து விரல்களைக் கொத்தின. வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பசிக்கறது," என்று பையைத் தானே இழுத்துத் திறந்தாள். தயிர் சாத டப்பாவின் மேல் செருப்பு.

அதைப் பார்த்தாள். தண்ணீருக்குள் இருந்த காலைப் பார்த்தாள். திரும்பி, வந்த பாதையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

"சாதப் பையிலயா செருப்பை வெச்சேள்?" என்றாள்.

அப்புறம் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுதி மாளாது. ஒரு பருக்கையைத் தொடவிடவில்லை. திட்டிக்கொண்டே எழுந்தாள், திட்டிக்கொண்டே வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பசியோடு பின்தொடர்ந்தேன். சாதம் டீக்கடை நாய்க்குப் போயிற்று.

பஸ் கிளம்பிய பிறகுதான் கோபம் தணிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"நாளைக்குக் கோவிலுக்குப் போய் நிர்மால்ய தரிசனம் பாக்கணும். விடியறதுக்கு முன்னாடி என்னை எழுப்பி விடுங்கோ."