கதவைச் சாத்திப் போட்ட சோறு

பராமரிப்பு இல்லங்களில் இருந்துவிட்டு வீடு திரும்புகிற பிள்ளைகளின் குடும்பங்களைக் கொஞ்ச காலம் போய்ப் பார்த்து வருவது என் வேலை. கத்துகிற வீடு, சண்டை போடுகிற வீடு, சட்டி பறக்கிற வீடு எல்லாம் எனக்குப் பழக்கம். நானும் வாயாடிதான், சமாளித்துவிடுவேன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு மட்டும் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. அங்கே யாரும் கத்தவில்லை.

அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினாறு வயது. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை உடைப்பாள், வீட்டைவிட்டு ஓடுவாள். பாலக்காட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இப்படியே இளைத்துக்கொண்டு போனால் திரும்பவும் இல்லத்துக்கே அனுப்ப வேண்டியதுதான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் அன்று போனேன்.

உச்சிப்பொழுதிலேயே பனிமஞ்சு இறங்கி எதிர் லயத்தை மறைத்திருந்தது. அவளுடைய அப்பா வெறுங்காலோடு நுனிவிரலில் நடந்து வந்து, வாய்க்குள்ளேயே "வாங்க டீச்சர்" என்றார். அந்தப் பக்கத்தில் என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உள்ளே டிவியில் படம் ஓடியது, சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையின் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

உள் அறையின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள சாப்பிடுறா டீச்சர். தட்ட வீசி எறிஞ்சிருவாளோன்னு இலையிலதான் வச்சிருக்கேன். பிடிச்சது எல்லாம் ஆக்கியிருக்கேன். திங்கும்போது பக்கத்துல நிக்கக்கூடாது, ஒரு வார்த்தை அதட்டக்கூடாதுன்னு இல்லத்து மேடம் சொன்னாக."

கதவைத் திறந்தேன். வாழையிலையில் சோறு, மத்திக் குழம்பு, அவித்த முட்டை, முறுக்கு, ஆரஞ்சு மிட்டாய்கூட இருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். அவள் எதையும் தொடாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன்."

"நான் செத்துட்டேனா?"

அடி பைத்தியமே என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"பெரியப்பா செத்தப்ப இப்படித்தான் செஞ்சாக. பிடிச்சதெல்லாம் இலையில போட்டு, அவரு வந்து சாப்பிடட்டும்னு கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னோம். எனக்கும் தினம் அப்படித்தான். யாரும் திட்ட மாட்டேங்கிறாக. அப்பா என்னப் பார்த்தா நடுங்குறாரு. ஓடிப்போனேன்ல டீச்சர், அப்பவே எங்கயாச்சும் செத்திருப்பேனோ?"

அந்த இலை என் கண்ணுக்கும் இப்போது படையலாகத்தான் தெரிந்தது.

வெளியே வந்து, "ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடச் சொன்னாங்களா, திவசம் பண்ணச் சொன்னாங்களா?" என்று வெடித்துவிட்டேன். மகள் கேட்டதைச் சொன்னேன். அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

"ஐயோ என் தங்கமே! மறுபடி ஓடிருவியோன்னு பயந்துக்கிட்டுத்தான்டி..."

மகள் அவளை உற்றுப் பார்த்தாள். "அப்ப என்னத் திட்டு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைத் திட்ட என்னிடம் அனுமதி கேட்கிறாள்! புத்தி சொல்லியே மனுஷர்களை இப்படி ஆக்கிவிடுகிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டு என்று தலையாட்டினேன்.

"எருமை..." குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "எருமமாடு! விடிஞ்சதுல இருந்து ஏலக்காட்டுல குனிஞ்சு இடுப்பொடிஞ்சு வந்து ஆக்கி வச்சா, மகாராணி சுவத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. தின்னுடி!" என்று தானும் உட்கார்ந்து அந்த இலையிலேயே கை வைத்தாள்.

மகள் அம்மாவின் வாய் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு கவளம் எடுத்தாள். விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"குழம்புல உப்பே இல்ல."

"வேணும்னா எந்திரிச்சுப் போய் எடு. இங்க உனக்கு வேலைக்காரியா வச்சிருக்கு?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டப்பாக்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்:

"உப்ப எங்கம்மா வச்சுத் தொலைச்ச?"